டிராவல் டிரெய்லரை வண்டியில் மாட்டுவது எப்படி: முதல்முறை இழுப்பவர்களுக்கு

ஒன்டாரியோவில் மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை வந்துவிட்டால் கேம்பிங் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அல்கோன்குவின், கில்பேர், சாண்ட்பேங்க்ஸ் என்று மாகாணப் பூங்காக்களை நோக்கி டிரெய்லர்கள் வரிசையாகக் கிளம்பும். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களிலும் கூடாரம் போதும் என்ற நிலையிலிருந்து டிரெய்லருக்கு மாற நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பார்கள். உரிமையாளர் சுற்றிக் காட்டி, நாலு விஷயம் சொல்லி, சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். அது போதாது. இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட ஒரு வீட்டை, கைக்குள் அடங்கும் ஓர் இரும்புப் பந்தை நம்பி நெடுஞ்சாலையில் இழுத்துப் போகப் போகிறீர்கள். பின்சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

இந்த வேலையில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒன்றை மட்டும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். மாட்டியாகிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிவதை நம்பாதீர்கள். டிரெய்லரின் மூக்கில் இருக்கும் கப்ளர் என்ற பிடிப்பு, பந்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தாழும் போட்டது போலவே தெரியும். பிளக் சொருகியிருக்கும், பிரேக்குக்கு மின்சாரம் போகாது. ஒவ்வொரு இணைப்புக்கும் அது உண்மையில் பிடித்திருக்கிறதா என்று கையால் சோதிக்க ஒரு வழி உண்டு. கீழே அந்தச் சோதனைகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பந்தில் மாட்டி இழுக்கும் சாதாரண டிராவல் டிரெய்லரைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். பிக்கப் பெட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீலுக்கு முறை வேறு. உரிமம் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒன்டாரியோவின் சாதாரண ஜி உரிமத்திலேயே 4,600 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோவைத் தாண்டாத வரை. குடும்பங்கள் இழுக்கும் டிரெய்லர்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

எடைக் கணக்கு

மாட்டுவதற்கு முன், ஏன், டிரெய்லரை புக் செய்வதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி போன்ற மினிவேன்களின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு. இப்போதைய பெட்ரோல் ஹைலேண்டர் 5,000 பவுண்டு இழுக்கும். அதே ஹைலேண்டரின் ஹைப்ரிட் 3,500 தான். பெயர் ஒன்றாக இருப்பதால் வரம்பும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டியின் கையேட்டில், உங்கள் எஞ்சினுக்கும் மாடலுக்கும் நேராக என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு 'என் டிரக் 9,000 பவுண்டு இழுக்கும்' என்ற தைரியம் இருக்கும். ஆனால் நடைமுறையில் முதலில் தீர்ந்துபோவது இழுவை வரம்பு இல்லை, பேலோட். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். டிரெய்லரின் முன்முனை உங்கள் வண்டியை அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். பலருக்கு இது தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,450 பவுண்டு என்று இருக்கிறது. சாமான் ஏற்றிய டிரெய்லர் 5,500 பவுண்டு. அதில் 13 சதவீதம் முன்முனையில் இறங்கினால் 715 பவுண்டு. ஓட்டுபவரையும் சேர்த்து நாலு பேர் 580. சைக்கிள்கள், ஐஸ்பெட்டி, பந்தல் துணி என்று பின்பெட்டியில் 200. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் என்ற இரும்பு அமைப்பே 90. மொத்தம் 1,585. 9,000 பவுண்டு இழுக்கும் டிரக், 5,500 பவுண்டு டிரெய்லரிலேயே 135 பவுண்டு அதிகமாகிவிட்டது. இந்த நிலையில் சாமானைக் குறைக்க வேண்டும், அல்லது சின்ன டிரெய்லராகப் பார்க்க வேண்டும். (சாமான் என்றதும் ஒரு வார்த்தை: விறகை வீட்டிலிருந்து ஏற்றிப் போகாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடு புது இடத்துக்குப் பரவுகின்றன. பூங்காவிலோ அதன் பக்கத்திலோ வாங்கிக்கொள்ளுங்கள்.)

டிரெய்லர் விளம்பரத்தில் வரும் 'டிரை வெயிட்' என்பது காலி டிரெய்லரின் எடை. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓர் அமெரிக்க கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். நிரம்பிய 20 பவுண்டு புரொபேன் சிலிண்டர் ஒன்று, இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 37 பவுண்டு. பாத்திரம், படுக்கை, அரிசி, மசாலா, பெரிய பிரியாணிச் சட்டி எல்லாம் தனி. டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற அதிகபட்ச எடையை வைத்தே கணக்குப் போடுங்கள். அது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அந்தப் பக்கம் தவறினால் ஆபத்தில்லை.

முன்முனை எடை, அதாவது டங் வெயிட், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாட்டுவண்டி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். டிரெய்லரில் பின்பாரம் இன்னும் பொல்லாதது. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகமெடுத்ததும் டிரெய்லர் இடம் வலமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆகவே கனமான சாமான்களை அச்சுக்கு நேர் மேலேயும் அதற்குச் சற்று முன்னேயும், தரைமட்டத்தில் வையுங்கள். பின்பக்க பம்பரில் நாலு சைக்கிளைத் தொங்கவிடும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. முன்முனையிலிருந்து எடையைத் திருடும் காரியம் அது.

நிஜ எடை தெரிய வேண்டுமானால் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடைக்குப் போங்கள். கேட் ஸ்கேல் என்ற பெயரில் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்று எடையும் தனித்தனியாக ஒரே சீட்டில் வரும். டிரெய்லரோடு ஒருமுறை, கழற்றிவிட்டு வண்டியை மட்டும் இன்னொரு முறை நிறுத்துங்கள். இரண்டு தடவையும் வண்டியின் இரண்டு அச்சுகளில் விழுந்த எடையைக் கூட்டிப் பார்த்தால், வரும் வித்தியாசம்தான் டங் வெயிட். எடை பகிரும் ஹிட்ச் (முன்முனை எடையை ஸ்பிரிங் பார்களால் மற்ற அச்சுகளுக்கும் பிரித்து அனுப்பும் வகை, பின்னால் விளக்குகிறேன்) இருந்தால் அதன் பார்களைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் எடை டிரெய்லர் அச்சுக்குப் போய்விடும், கணக்கு தப்பாக வரும்.

பந்து, கப்ளர், ரிசீவர்

வண்டியின் பின்னால் இருக்கும் சதுரக் குழாய் ரிசீவர். அதற்குள் நுழையும் இரும்புத் தண்டு மவுண்ட். அதன் மேல் பந்து. பந்தின் மேல் கவிழ்வது டிரெய்லரின் கப்ளர். இவை ஒவ்வொன்றிலும் எவ்வளவு தாங்கும் என்று பொறித்திருப்பார்கள். எல்லாவற்றிலும் குறைந்த எண் எதுவோ அதுவே உங்கள் வரம்பு. ரிசீவர் ஸ்டிக்கரில் இரண்டு வரிசை எண்கள் இருந்தால் குழம்ப வேண்டாம்: சின்ன எண் வெறும் பந்தில் மாட்டி இழுப்பதற்கு, பெரிய எண் எடை பகிரும் ஹிட்ச் போட்டு இழுப்பதற்கு.

பந்தில் மூன்று அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன: 1 7/8, 2, 2 5/16 அங்குலம். நடுத்தர, பெரிய டிராவல் டிரெய்லர்கள் பெரும்பாலும் 2 5/16, சிறியவை 2. பந்தின் தலையிலும் கப்ளரிலும் அளவு பொறித்திருக்கும். இரண்டையும் உங்கள் கண்ணால் படித்துப் பாருங்கள், யாரோ சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 2 5/16 கப்ளரில் 2 அங்குலப் பந்து தாராளமாக உள்ளே போகும், தாழும் விழும், தெருமுனை வரை ஒழுங்காகவும் வரும். ரயில்வே கிராசிங் மாதிரி ஒரு குலுக்கலில் கப்ளர் பந்தை விட்டு எழும்பிவிடும். வாடகை டிரெய்லரை நண்பரிடம் இரவல் வாங்கிய மவுண்டில் மாட்டுகிறவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்.

பந்தின் அடியில் இருக்கும் நட்டைக் கையால் முடுக்கிவிட்டுப் போவது தவறு. வழக்கமாக 1 அங்குலத் தண்டுள்ள பந்துக்கு 250 அடி-பவுண்டு, 1¼ அங்குலத் தண்டுக்கு 450 அடி-பவுண்டு அளவுக்கு முடுக்கச் சொல்வார்கள். 450 என்பது வீட்டு டார்க் ரென்ச்சில் வராது. ஹிட்ச் பொருத்தும் கடையில் செய்துகொள்ளுங்கள்.

உயரமும் முக்கியம். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, மட்டம் பார்த்து, தரையிலிருந்து கப்ளர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். மாட்டிய பிறகு டிரெய்லர் மட்டமாக, அல்லது மூக்கு மிகச் சற்றே தாழ்ந்து நிற்கும்படி மவுண்டின் உயரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் ஆட்டம் வரும்.

மாட்டும் வரிசை

அவசரமில்லாத நேரத்தில் செய்யுங்கள். மாட்டும்போது யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைப்பது நல்லது. இடையில் போன் வந்தாலோ யாராவது கூப்பிட்டாலோ, விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து எல்லா இணைப்பையும் பார்த்து வாருங்கள். பாதியில் நின்ற வேலையில்தான் ஒரு பின் போடாமல் விட்டுப்போகிறது.

முதல் வேலை, டிரெய்லரின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைப்பது. இது இல்லாமல் வேறு எதையும் தொடாதீர்கள். அப்புறம் டிரெய்லரின் மூக்கைத் தாங்கி நிற்கும் ஜாக்கைச் சுழற்றி, கப்ளர் பந்தைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் நிற்கும்படி தூக்கிக்கொள்ளுங்கள். கப்ளரின் தாழ் திறந்திருக்கட்டும். பந்தில் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். சில ஆட்டத்தடுப்பு ஹிட்ச்சுகளில் எங்கே பூசலாம், எங்கே கூடாது என்று தனி விதி உண்டு, அதன் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். கேமரா இருந்தால் நடுக்கோட்டைக் கப்ளருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாருங்கள். கேமரா இல்லையென்றால் ஒருவர் கைகாட்ட வேண்டும். ஒருவர் மட்டும். அவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில், ஓரமாக நிற்க வேண்டும். கண்ணாடியில் அவர் மறைந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள். வண்டி நகரும்போது வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே யாரும் இருக்கக் கூடாது, ஒரு நொடி கூட. பிள்ளைகளை வீட்டு வாசலுக்கு அனுப்பிவிடுங்கள்.

பந்து கப்ளருக்கு நேர் கீழே வந்ததும் கியரைப் பார்க்கில் போட்டு, கைபிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குங்கள். ஜாக்கை மேலே ஏற்றினால் டிரெய்லரின் மூக்கு இறங்கி, கப்ளர் பந்தின் மேல் உட்காரும். உட்காராமல் பக்கத்தில் தட்டிக்கொண்டு நின்றால், கையை உள்ளே விட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்; மறுபடி தூக்கி வண்டியை அரை அங்குலம் நகர்த்துங்கள். முழு எடையும் பந்தில் இறங்கிய பிறகு தாழைப் போட்டு, அதன் துளையில் பின்னையோ பூட்டையோ மாட்டுங்கள்.

இங்கேதான் நான் சொன்ன முதல் சோதனை. தாழ் போட்ட பிறகு ஜாக்கை மறுபடி கீழே விட்டு டிரெய்லரின் மூக்கைத் தூக்குங்கள். கப்ளர் சரியாகப் பிடித்திருந்தால் அதோடு சேர்ந்து உங்கள் வண்டியின் பின்பக்கமும் மேலே வரும். இரண்டு மூன்று அங்குலம் தூக்கிப் பாருங்கள். வண்டி அசையாமல் கப்ளர் மட்டும் பந்தை விட்டு எழும்பினால், தாழ் வெறும் காற்றைப் பிடித்திருக்கிறது. இறக்கி, திறந்து, மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். முழுதாக ஒரு நிமிடம் பிடிக்காத இந்தச் சோதனையை எத்தனை வருடம் இழுத்தவராக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

எடை பகிரும் ஹிட்ச் இருந்தால் அதன் ஸ்பிரிங் பார்களை இந்தத் தூக்கிய நிலையிலேயே மாட்டிவிடுங்கள். வண்டியின் பின்பக்கம் உயர்ந்திருப்பதால் அதிக பலம் தேவைப்படாது. மாட்டும் நெம்புகோல் விசையோடு திரும்பி அடிக்கக்கூடியது, அதனால் முகத்தை அதன் பாதையிலிருந்து விலக்கி வையுங்கள். மாட்டியதும் அதற்குரிய பாதுகாப்புப் பின்னைப் போடுங்கள்.

அடுத்தது சங்கிலிகள். டிரெய்லரின் இடப்பக்கச் சங்கிலி வண்டியின் வலது வளையத்துக்கு, வலப்பக்கச் சங்கிலி இடது வளையத்துக்கு. கப்ளருக்குக் கீழே இரண்டும் குறுக்காகப் போக வேண்டும். கப்ளர் பந்தை விட்டுக் கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் இந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கிப் பிடிக்கும். வளைவில் திரும்பும் அளவுக்குத் தொய்வு இருக்கட்டும். தரையில் உரசக் கூடாது.

பிரேக்அவே ஒயர் என்று மெல்லிய கம்பி ஒன்று தொங்கும். டிரெய்லர் முழுதாகக் கழன்று போனால் இந்தக் கம்பி ஒரு பின்னைப் பிடுங்கும், உடனே டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து அதன் பிரேக் பிடிக்கும். இதைச் சங்கிலியோடு சேர்த்து மாட்டுகிறவர்களையும், மவுண்டில் சுற்றிவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் கூடாது. மவுண்டே ரிசீவரை விட்டு உருவிக்கொண்டு வந்தால் கம்பியும் அதோடு போய்விடும், பின் பிடுங்கப்படாது. வண்டியின் சட்டத்திலோ ரிசீவரின் நிலையான பகுதியிலோ தனியாக மாட்டுங்கள். சங்கிலிக்கு முன்னால் இது இழுபடாதபடி நீளம் இருக்க வேண்டும்.

கடைசியாக ஏழு முனை பிளக். மூடியின் கொக்கி பிளக்கின் பல்லில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வழியில் கழன்றுவிடும். பிறகு ஜாக்கை முழுதாக மேலே ஏற்றுங்கள். பிக்கப்பில் இருப்பவர்கள் இந்த நிலையில் பின்கதவைச் சட்டென்று திறந்துவிடாதீர்கள், ஜாக்கின் தலையில் மோதி நசுங்கும்.

எடை பகிரும் ஹிட்ச் எதற்கு

வெறும் பந்தில் 600 பவுண்டு இறங்கினால் வண்டியின் பின்பக்கம் அமிழும், முன்பக்கம் எழும்பும். பார்க்க அசிங்கம் என்பதல்ல பிரச்சினை. முன்சக்கரங்களில் எடை குறைகிறது. வண்டியைத் திருப்புவதும் பெருமளவு பிரேக் பிடிப்பதும் அந்தச் சக்கரங்கள்தான். ஸ்பிரிங் பார்கள் அந்த எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும்.

எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பார்க்க ஓர் அளவு டேப் போதும். டிரெய்லர் இல்லாமல் முன்சக்கர வளைவின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பார் போடாமல் மாட்டி ஒருமுறை அளங்கள், போட்டபின் ஒருமுறை அளங்கள். முதல் அளவு 37 அங்குலம், மாட்டியதும் 38 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாதி மீட்கச் சொல்லியிருந்தால் பார் போட்டபின் 37½ வர வேண்டும். பாதியா, முழுதுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருப்பார்கள். முதல் அளவைவிடக் கீழே மட்டும் போகக் கூடாது. அப்படிப் போனால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். சில எஸ்.யூ.வி.களின் கையேடு இந்த வகை ஹிட்ச்சே போடக் கூடாது என்று சொல்லும். கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் கையேட்டின் பக்கமே நில்லுங்கள்.

விளக்கும் பிரேக்கும்

விளக்கைச் சோதிக்க இன்னொருவர் வேண்டும். இரண்டு பக்க இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, ஓட்ட விளக்கு. அவ்வளவுதான்.

பிரேக்கில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்டாரியோவில் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். டிராவல் டிரெய்லர்களில் இது பெரும்பாலும் மின்சார பிரேக். அதை இயக்க உங்கள் வண்டிக்குள் பிரேக் கண்ட்ரோலர் இருக்க வேண்டும். இப்போதைய பிக்கப்கள் பலவற்றில் தயாராகவே வருகிறது, மினிவேனிலும் எஸ்.யூ.வி.யிலும் பெரும்பாலும் தனியாகப் பொருத்த வேண்டியிருக்கும். டிரெய்லரை எடுக்கப் போகும் நாளில் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை, ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள்.

கண்ட்ரோலரில் 'கெயின்' என்று ஓர் எண் வைக்க வேண்டும். நண்பரின் வண்டியில் 6 என்றால் உங்கள் வண்டியிலும் 6 என்பதில்லை. ஆளில்லாத, காய்ந்த, சமமான தார்ச்சாலையில் 30-40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கால் பிரேக்கைத் தொடாமல் கண்ட்ரோலரின் கைவிசையை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் எண்ணைக் கூட்டுங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் குறையுங்கள். பூட்டிக்கொள்வதற்குச் சற்றுக் கீழே நிற்கும் எண்தான் சரி. தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலோ பூங்காவின் சரளைச் சாலைக்குள் இறங்கினாலோ அதை மாற்ற வேண்டியிருக்கும்.

பிரேக்அவேயையும் வருடத்துக்கு ஒருமுறையாவது, வாடகை டிரெய்லரானால் எடுக்கும்போதே சோதியுங்கள். ஏழு முனை பிளக்கைக் கழற்றிவிட்டு, பிரேக்அவே பின்னைக் கையால் பிடுங்கி, வண்டியை மிக மெதுவாக முன்னே எடுத்துப் பாருங்கள். டிரெய்லர் சக்கரங்கள் உருள மறுக்க வேண்டும். பார்த்ததும் பின்னைத் திரும்பச் சொருகிவிடுங்கள், நீண்ட நேரம் விட்டால் பேட்டரி இறங்கும், பிரேக் காந்தங்களும் சூடேறும். பேட்டரி செத்துக் கிடந்தால் பிரேக்அவே வெறும் அலங்காரக் கம்பி. சில டிரெய்லர்களில் பேட்டரி சுவிட்சை அணைத்து வைத்தாலே அது வேலை செய்யாது.

டயர்

ஹிட்ச்சுக்கு நேரடிச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் யாரையும் அனுப்ப எனக்கு மனம் வராது. 2018 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ரெடிங் நகருக்கு அருகே தொடங்கிய 'கார்' (Carr) என்ற பெயருள்ள காட்டுத்தீ, காற்றிறங்கிய டிரெய்லர் டயரின் ரிம் சாலையில் உரசிக் கிளப்பிய பொறியில் பற்றியது. சுமார் 2,30,000 ஏக்கர் எரிந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின, உயிர்களும் போயின. டிரெய்லர் டயர் காற்றிறங்கினால் ஓட்டுநருக்கு உடனே தெரியாது என்பதுதான் அதன் கெட்ட குணம்.

பக்கச்சுவரில் எஸ்.டி. என்று தொடங்கும் டயர்கள் டிரெய்லருக்கென்றே செய்தவை. டிரெய்லரின் ஸ்டிக்கரில் எழுதிய அழுத்தத்துக்கு, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பிடியுங்கள். டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம், நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டியதை நம்பாதீர்கள். டிரெய்லர் ஆண்டின் பெரும்பகுதி நின்றே கிடக்கும், டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டுவிடும். பல எஸ்.டி. டயர்கள் மணிக்கு 65 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 105 கிலோமீட்டருக்கு மட்டுமே செய்யப்பட்டவை. 401 நெடுஞ்சாலையில் எல்லோரும் 120இல் போனாலும் நீங்கள் வலது ஓரத்தில் 90-95இல் போங்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55 மைலுக்கு மேல் போகச் சட்டமே அனுமதிக்காது.

கிளம்பும்போதும் வழியிலும்

வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு முழுச் சுற்று நடந்து வாருங்கள். படி மடங்கியிருக்கிறதா, பந்தல் உருட்டியிருக்கிறதா, நாலு மூலைத் தாங்கிகளும் மேலே ஏறியிருக்கின்றனவா, கூரைத் துளை மூடி சாத்தியிருக்கிறதா, புரொபேன் சிலிண்டர் வால்வு மூடியிருக்கிறதா. சக்கரக் கட்டைகளைக் கடைசியில் எடுங்கள். டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் படுத்துக்கொண்டு வரட்டுமே என்று தோன்றினாலும் ஒன்டாரியோவில் அது சட்டவிரோதம், எங்கேயும் உயிராபத்து.

தெருவை விட்டு வெளியேறும் முன் ஒருமுறை பிரேக் போட்டுப் பாருங்கள். இருபது கிலோமீட்டர் போனதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கப்ளர் தாழ், பின், சங்கிலி, பிளக் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். சக்கர மையத்துக்கு அருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் கொதித்தால் அந்த பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு. சக்கரம் கழற்றி மாட்டிய டிரெய்லரானால் வீல் நட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மறுபடி முடுக்க வேண்டும்.

பெரிய லாரி கடந்து போகும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். லேசான அசைவு சகஜம். டிரெய்லர் தொடர்ந்து ஆடத் தொடங்கினால் கை தானாக ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்க்கும், கால் தானாக பிரேக்கை மிதிக்கப் பார்க்கும். இரண்டையும் செய்யாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கண்ட்ரோலரின் கைவிசையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். கைவிசை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தொடும் அளவுக்கு, நின்ற வண்டியில் பழகிக்கொள்ளுங்கள். ஆட்டம் அடங்கியதும் அப்படியே தொடர்ந்து போகாமல், ஓரம் கட்டி, சாமான் எங்கே இருக்கிறது, டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினின் பிடிப்பில் இறங்குங்கள். இழுவைக்கென்றே உள்ள டோ ஹால் பொத்தான் இருந்தால் அதைப் போட்டால் வண்டியே பார்த்துக்கொள்ளும். முன்வண்டிக்கு வழக்கமாக விடும் இடைவெளியைவிட இரண்டு மடங்கு விடுங்கள். பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்புறமும் அந்தப் பக்கமே போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான கடைவளாக நிறுத்துமிடத்தில் இதைப் பழகிவிட்டுப் போவது நல்லது.

பூங்காவில் கழற்றும்போது

வந்து சேர்ந்த களைப்பில், இருட்டில், பிள்ளைகள் பசியோடு நச்சரிக்கும்போது செய்யும் வேலை இது. அதனால் வரிசையை அப்படியே தலைகீழாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கேயும் எதையும் கழற்றும் முன் சக்கரக் கட்டை வைத்தாக வேண்டும்.

முதலில் இடவல மட்டம் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், இன்னும் மாட்டியிருக்கும்போதே அந்தப் பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றிவிட வேண்டும். கழற்றிய பிறகு அது முடியாது. சரியாக நின்றதும் இரண்டு பக்கமும் கட்டைகளை அழுத்தி வையுங்கள். பிறகு ஜாக்கை இறக்கி வண்டியின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, ஸ்பிரிங் பார்களை எடுங்கள். ஜாக்கைத் திரும்ப ஏற்றி எடையைப் பந்தில் இறக்கிவிட்டுத் தாழைத் திறங்கள். இறுகியிருந்தால் சுத்தியல் எடுக்க வேண்டாம். வண்டியை ஒரு விரற்கடை முன்னோ பின்னோ அசைத்தால் விட்டுவிடும். தாழ் திறந்தபின் ஜாக்கால் தூக்குங்கள், கப்ளர் பந்தை விட்டு முழுதாக மேலே வரட்டும்.

சங்கிலிகளைக் கடைசியில் கழற்றுவதே என் வழக்கம். கட்டை நழுவினாலும் டிரெய்லர் ஏரிப்பக்கம் உருண்டு போகாமல் சங்கிலி பிடித்துக்கொள்ளும். கப்ளர் மேலே எழும்பி, டிரெய்லர் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகு பிளக், பிரேக்அவே ஒயர், சங்கிலி மூன்றையும் எடுங்கள். வண்டியை முன்னே எடுக்கும் முன் இன்னொருவரைக் கூப்பிட்டு, எதுவும் மாட்டிக்கொண்டில்லை என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பிளக்கின் ஒயரைப் பிய்த்துக்கொண்டு போனால் திரும்பும்போது டிரெய்லருக்கு விளக்கும் இருக்காது, பிரேக்கும் இருக்காது.

முன்பின் மட்டத்தை ஜாக்கால் சரிசெய்து, அதற்குப் பிறகே மூலைத் தாங்கிகளை இறக்குங்கள். அவை ஆட்டத்தை நிறுத்த மட்டும்; அவற்றைக் கொண்டு டிரெய்லரைத் தூக்கினால் வளைந்துவிடும்.